தரம் குறைந்த மாங்கனீசுக் கல்லும் காந்தமும்

தேயிலைத் தூளில் இரும்புத் தூள் கலந்திருக்கிறதா என்று காந்தத்தை நகர்த்திப் பார்ப்பது நம் வணிகர்கள் பலருக்கும் தெரிந்த சோதனைதான். அதே காந்தம், விலை போகாத சுரங்கக் கல்லையும் விற்பனைச் சரக்காக்குகிறது.

மாங்கனீசு நமக்கு அந்நியமல்ல. நம் கடைகளில் விற்கும் சாதாரண டார்ச் பாட்டரிக்குள் இருக்கும் கறுப்பு மாவில் பெரும்பங்கு மாங்கனீசு டை ஆக்சைடுதான். அரியலூர் சிமெண்டோடு கட்டடத்துக்குப் போகும் முறுக்குக் கம்பிக்கு உறுதி சேர்ப்பதும் இதுவே. ஆனால் நம் பக்கத்து பூமி தருவது சுண்ணாம்புக்கல். மாங்கனீசுக்கு மத்தியப் பிரதேசத்துப் பாலாகாட், மகாராஷ்டிரத்துப் பண்டாரா, கர்நாடகத்துச் சண்டூர் என்று போகவேண்டும். இத்தனை சுரங்கங்கள் இருந்தும் உயர்தரக் கல்லைத் தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறோம்.

மட்டக் கல்லில் மாங்கனீசோடு வெண்கல் கலந்திருக்கும். முதலில் இரண்டும் தனித்தனித் துகளாகும்வரை உடைக்கவேண்டும். மாங்கனீசைக் காந்தம் லேசாகத்தான் இழுக்கும். தேயிலைக்குப் பிடிக்கும் காந்தத்துக்கு அது அசையாது. 10,000 காஸ் அளவிலும் அதற்கு மேலும் வலிமையுள்ள காந்த உருளை தேவை. உருளைமேல் ஓடும் பட்டையில் துகளைக் கொட்டினால் வெண்கல் முன்னே தெறித்து விழும். மாங்கனீசு ஒட்டிக்கொண்டு சற்றுப் பின்னே உதிரும். முறத்தில் புடைப்பது போலத்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஓர் உதாரணத்துக்கு, 100 டன் கல்லில் மாங்கனீசு 30 டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் முக்கால் பங்கு, அதாவது 22.5 டன், கைக்கு வந்து, சரக்கு 50 டன்னாகக் குறைந்தால் தரம் 45 சதவீதம். லாரி வாடகையும் பாதி. ஆனால் ஒதுக்கிய 50 டன்னில் 7.5 டன் மாங்கனீசு போய்விட்டது. உடைப்புக் கூலி, மின்சாரம் தனி. கூடுதல் தரத்துக்குக் கிடைக்கும் விலை இவற்றை ஈடுகட்டினால்தான் லாபம். அரவைக்கு நெல் கொடுத்து வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

சண்டூர்க் கல்லில் வேறு சிக்கல். அங்கே கூட்டாளி வெண்கல் மட்டுமல்ல, இரும்பும்தான். அந்த இரும்புத் தாதுவையும் காந்தம் ஏறக்குறைய அதே அளவில் இழுப்பதால் இரண்டும் சேர்ந்தே வரும். இதற்குக் கல்லை நிலக்கரியோடு வறுக்கிறார்கள். இரும்புத் தாது அப்போது நன்றாகக் காந்தத்தில் ஒட்டும் வகையாக மாறிவிடும். சாதாரணக் காந்தமே அதை நீக்கிவிடும். எரிபொருள் செலவு கட்டாதபோது, உயர்தரக் கல்லோடு மட்டக் கல்லை அளவாகக் கலந்து உலைக்கு அனுப்புவதும் உண்டு. நம் தொழிலில் அதற்குப் பெயர் வேறு. அங்கே அது முறையான சேர்க்கை.