நாலு பேர் சொன்னால்தான் மேடை

2015 ஆகஸ்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஒருவர் அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்க முன்வந்தார். தேர்தலில் புரளும் பெரும்பணத்துக்குக் கடிவாளம் போடுவதே அவருடைய முதன்மைக் கொள்கை. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பொதுமக்களிடமிருந்து 10 லட்சம் டாலர் சேர்ந்தால் களத்தில் இறங்குவேன் என்றார்; சேர்ந்தது. ஜனநாயகக் கட்சியின் விவாத மேடையில் ஏற அவருக்குத் தேவைப்பட்டது மூன்று தேசியக் கருத்துக்கணிப்புகளில் தலா 1 சதவிகித ஆதரவு. கட்சி வாக்காளர்கள் 400 பேரிடம் எடுக்கப்படும் கணிப்பில் 1 சதவிகிதம் என்றால் நாலு பேர். அவ்வளவு பணம் திரட்டியவருக்கு நாலு பேர் கிடைக்க மாட்டார்களா? கிடைக்கவில்லை. பெரும்பாலான கணிப்புகளில் அவர் பெயரையே யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 13 அன்று லாஸ் வேகாஸில் நடந்த முதல் விவாதத்தில் ஐந்து பேர் நின்றார்கள். அவர்களிலும் சிலர் பல கணிப்புகளில் 1 சதவிகிதத்தைத் தாண்டாதவர்கள்தான். ஆனால் அவர்களுடைய பெயர்கள் கேள்வித்தாளில் இருந்தன. பேராசிரியரின் பெயரைச் சேர்த்த ஒன்றிரண்டு கணிப்புகளில் அவரும் அதே 1 சதவிகிதத்தைத் தொட்டிருந்தார். அடுத்த மேடைக்கும் வழி அடைபட்டதாகச் சொல்லி நவம்பர் 2 அன்று விலகிக்கொண்டார். தோற்றிருந்தால் அவருடைய ஆதரவாளர்கள் இரண்டு நாளில் ஆறியிருப்பார்கள். கணக்கிலேயே சேர்க்கப்படாதவருக்குத் தோல்விகூட கிடைப்பதில்லை. அந்த ஆத்திரம் லேசில் அடங்காது.

இந்த ஆத்திரத்தைப் புரிந்துகொள்ள, தொலைபேசியின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 'இன்று தேர்தல் நடந்தால் இவர்களில் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் பெயர்களை வாசிக்கிறார்கள். வரிசையால் யாருக்கும் அனுகூலம் வந்துவிடக் கூடாது என்று பெயர்களைக் கலைத்துப் போட்டு வாசிக்கும் அளவுக்குக் கவனம் காட்டுகிறார்கள். அந்தக் கவனமெல்லாம் பட்டியலுக்குள் இருப்பவர்களுக்குத்தான். வெளியே இருக்கும் ஒருவரின் பெயரைச் சொன்னால் அது 'வேறொருவர்' என்ற கட்டத்தில் விழும். மறுநாள் வெளியாகும் அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு எதிரே 2 அல்லது 3 சதவிகிதம் என்று இருக்கும். யார் அந்த வேறொருவர் என்பது வெளியே தெரியாது. தராசில் ஏற்றாத சரக்குக்கு எடை இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பான காரியம் இது.

பெயர் சேர்க்காததற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மக்களுக்கு அவரைத் தெரியாது. மக்களுக்குத் தெரியவருவது மேடையால். மேடை கிடைப்பது கணிப்பால். கணிப்பில் இடம் கிடைக்க மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வட்டத்துக்குள் புதியவர் ஒருவர் எந்தப் பக்கமாக நுழைவது?

நுழைந்தவர் ஒருவரின் கதை இருக்கிறது. 1992 ஜூனில் டெக்சஸைச் சேர்ந்த கோடீஸ்வரர் ஒருவர், கட்சியே இல்லாத சுயேச்சை, பதவியிலிருந்த அதிபரையும் எதிர்க்கட்சி வேட்பாளரையும் பின்னுக்குத் தள்ளிக் கணிப்பில் 39 சதவிகிதத்துடன் முதலிடத்தில் இருந்தார். ஜூலையில் திடீரென விலகினார். அக்டோபர் 1 அன்று திரும்பி வந்தார். அப்போது அவருடைய ஆதரவு 10 சதவிகிதத்துக்கும் கீழே விழுந்திருந்தது. இருந்தாலும் மூன்று விவாதங்களிலும் அவருக்கு இடம் கொடுத்தார்கள். நவம்பரில் அவர் வாங்கியது 18.9 சதவிகிதம், ஏறக்குறைய 1 கோடியே 97 லட்சம் ஓட்டுகள். மேடை ஏறிய ஒரு மாதத்தில் ஆதரவு இரு மடங்கானது. நான்கு ஆண்டு கழித்து மறுபடி நின்றார். இந்த முறை விவாதத்துக்குக் கூப்பிடவில்லை. கிடைத்தது 8.4 சதவிகிதம்.

2000-ம் ஆண்டுத் தேர்தலுக்கு ஒரு புதிய விதி வந்தது. ஐந்து தேசியக் கணிப்புகளின் சராசரியில் 15 சதவிகிதம் இருப்பவருக்கே மேடை. 1992 அக்டோபரில் இந்த விதி இருந்திருந்தால் டெக்சஸ்காரர் வீட்டில் உட்கார்ந்துதான் விவாதம் பார்த்திருப்பார். மாநில அளவில் இன்னும் கூர்மையான உதாரணம் மினசோட்டா. 1998 ஆளுநர் தேர்தலில் முன்னாள் மல்யுத்த வீரர் ஒருவருக்குச் செப்டம்பரில் கணிப்புகள் கொடுத்தது 10 சதவிகிதத்தை ஒட்டித்தான். அவரையும் விவாதங்களில் சேர்த்தார்கள். நவம்பரில் 37 சதவிகித ஓட்டுடன் ஆளுநராகிவிட்டார்.

ஆதரவாளர்களின் கொதிப்பு எப்படியிருக்கும் என்பதற்கு 2007-ஐத்தான் பார்க்க வேண்டும். அப்போது குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் ஒருவர் இருந்தார். டெக்சஸைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர், தொழிலால் மகப்பேறு மருத்துவர்; கட்சிக்குள்ளேயே இராக் போரை எதிர்த்தவர். அவருடைய ஆட்கள் டிசம்பர் 16 அன்று ஒரே நாளில் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். பெயர் எழுதிய வான்கப்பல் ஒன்றைச் சொந்தப் பணத்தில் பறக்கவிட்டார்கள். நெடுஞ்சாலைப் பாலங்களில் பதாகை கட்டினார்கள். 'கணிப்பாளர்கள் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பையன்களிடம் இருப்பது செல்போன்' என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. கல்லூரி மாணவர்கள் நிறைந்த ஓர் இயக்கத்தை வீட்டு போனை வைத்து அளக்க முடியாது. 2008 ஜனவரி 3 அன்று அயோவா மாநிலத்தின் உட்கட்சி வாக்கெடுப்பில் அவருக்கு 10 சதவிகித ஓட்டு விழுந்தது. முந்தைய ஆண்டின் பெரும்பகுதி தேசியக் கணிப்புகளில் முன்னணியில் இருந்த நியூயார்க் முன்னாள் மேயருக்கு அங்கே 4 சதவிகிதம்கூட இல்லை. ஆனால் மூன்றே நாளில் நியூ ஹாம்ப்ஷரில் ஒரு தொலைக்காட்சி ஏற்பாடு செய்த வேட்பாளர் கலந்துரையாடலில் மேயருக்கு நாற்காலி இருந்தது, மருத்துவருக்கு இல்லை.

2011-லும் அதே மனிதருக்கு அதே கதி. அயோவாவின் ஏம்ஸ் நகரில் நடந்த மாதிரி வாக்கெடுப்பில் முதலிடத்துக்கு 4,823 ஓட்டு, அவருக்கு 4,671. வெறும் 152 ஓட்டு வித்தியாசம். அடுத்த சில நாள் தொலைக்காட்சி அலசல்களில் முதலிடம் பேசப்பட்டது, வாக்கெடுப்பு நாளன்றே போட்டியில் குதித்த இன்னொரு டெக்சஸ்காரர் பேசப்பட்டார். இரண்டாமிடம் பெரும்பாலும் காணாமல் போனது.

2016-ல் நியூ மெக்சிகோவின் முன்னாள் ஆளுநர் ஒருவர் மூன்றாவது கட்சி சார்பில் 50 மாநில வாக்குச்சீட்டிலும் தலைநகர் வாக்குச்சீட்டிலும் இடம்பிடித்திருந்தார். சாவடிக்குப் போகும் ஒவ்வொரு அமெரிக்கரும் அவர் பெயரைப் பார்க்கப் போகிறார். கணிப்புகள் பலவற்றில் முதலில் இரண்டே பெயர்களைச் சொல்லிக் கேட்டார்கள். நான்கு பெயர் உள்ள கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். தலைப்புச் செய்தியானதும் பெரும்பாலும் இருவர் கணக்கே. விவாதத்துக்கான சராசரியில் அவர் பெற்றது 8.4, தேவை 15. மூன்றாம் வேட்பாளர்களின் ஆதரவு ஓட்டு நாளில் கரைந்துவிடும் என்றும், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மனு அனுப்பும் நாட்டில் எல்லோர் பெயரையும் போனில் வாசிக்க முடியாது என்றும் கணிப்பாளர்கள் சொல்கிறார்கள். முன்னாள் ஆளுநர் கடைசியில் வாங்கியது 3.3 சதவிகிதம்தான். ஆனால் மேடையே ஏறாதவரின் 3.3-ஐக் காட்டி மேடை மறுத்தது சரி என்று வாதிடுவதை நான் ஏற்கவில்லை.

2020-க்கான போட்டியில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ஜனநாயகக் கட்சி, தான் அங்கீகரித்த கணிப்புகள் மட்டுமே செல்லும் என்றது. ஹவாயைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் 2 சதவிகிதத்தைப் பல கணிப்புகளில் தொட்டும், அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லாததால் 2019 செப்டம்பர் மேடையை இழந்தார். எல்லோருக்கும் மாதம் 1,000 டாலர் கொடுப்பேன் என்று வந்த நியூயார்க் தொழில்முனைவரின் ஆதரவாளர்கள், தொலைக்காட்சி வரைபடங்களில் அவர் பெயர் விடுபட்ட ஒவ்வொரு தடவையையும் தேதி வாரியாகக் குறித்துவைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் முக்கிய மாநிலங்களில் தகுதியான கணிப்புகள் அபூர்வமாகத்தான் வந்தன. கணிப்பு எடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று அவர் கட்சியிடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 2020 ஜனவரி 14 விவாதத்தில் அவர் இல்லை. யாரும் கேட்காத கேள்விக்கு மக்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்?

கணிப்புத் தொழிலில் உள்ளவர்களுக்கே இது உறுத்தியிருக்கிறது. 2015-ல் குடியரசுக் கட்சியின் 17 வேட்பாளர்களில் பிரதான மேடைக்குப் பத்துப் பேரைக் கணிப்புச் சராசரியால் பிரித்தபோது, கல்லூரி சார்ந்த ஒரு கணிப்பு நிலையம் தன் ஆய்வைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. பத்தாமவருக்கும் பதினோராமவருக்கும் உள்ள வித்தியாசம் பிழை வரம்புக்குள் அடங்கிவிடும். 400 பேர் கணிப்பில் பிழை வரம்பு கூடவும் குறையவும் 5 சதவிகிதம்வரை போகும். அதை வைத்து ஒருவரை உள்ளே விட்டு இன்னொருவரை வெளியே நிறுத்துவது அறிவியலுக்கே இழைக்கும் அநீதி.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேட்பாளர்களின் கதி அல்ல, அவர்களுக்காக அலைந்த இளைஞர்களின் மனம். பெயர் விடுபட்டதற்கு ஏற்கும்படியான காரணத்தை யாரும் அவர்களிடம் சொல்லாதபோது, சதி என்ற காரணம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அவர்கள் இணையத்தில் தாங்களே வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். நண்பர்களைத் திரட்டி ஓட்டுக் குத்தி, 70, 80 சதவிகிதம் என்று பார்த்து மகிழ்ந்து, அதையே உண்மை என நம்புகிறார்கள். முறையான கணிப்பு வந்தாலும் பொய் என்கிறார்கள். கடைசியில் எண்ணப்பட்ட ஓட்டையும் பொய் என்று சொல்ல எத்தனை நாள் ஆகும்?

தொலைபேசிக் கணிப்பில் பதில் சொல்ல இசைபவர்களின் விகிதம் 1997-ல் 36 சதவிகிதம். 2018-ல் 6 சதவிகிதம் என்று ஓர் ஆய்வு மையம் பதிவுசெய்திருக்கிறது. ஸ்பாம் அழைப்புகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆனால் 'என் ஆளின் பெயரையே சொல்லாதவனிடம் எனக்கென்ன பேச்சு' என்று போனை வைப்பவர்களும் அந்த மீதி 94-க்குள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள் போனை வைக்க வைக்க அடுத்த கணிப்பில் அவர்கள் தரப்பு இன்னும் மெலியும். கணிப்பு இன்னும் தவறாகும்.

2024-ல் ஜூன் 27 விவாதத்துக்கு நான்கு கணிப்புகளில் 15 சதவிகிதம் தேவை என்றார்கள். பெயர்பெற்ற அரசியல் குடும்பத்துச் சுயேச்சை ஒருவருக்கு மூன்றில்தான் அது கிடைத்தது. போதுமான மாநிலங்களின் வாக்குச்சீட்டில் இடமும் உறுதியாகவில்லை என்று சொல்லி அவரை விட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் பிரசாரத்தை நிறுத்திக்கொண்டார்.

2028-க்கான கணிப்புகள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன. கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவுமில்லை. எந்தப் பெயரையும் வாசிக்காமல் 'யாருக்கு ஓட்டு?' என்று முதலில் திறந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள். வெற்றிக்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகளுக்குப் போதுமான மாநிலங்களில் வாக்குச்சீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் அடுத்த கேள்வியில் சேருங்கள். பட்டியலை எந்த அளவுகோலால் முடிவு செய்தீர்கள் என்பதை அட்டவணையின் அடியில் இரண்டு வரியில் எழுதுங்கள். 'வேறொருவர்' கட்டத்தில் விழுந்த பெயர்களையும் அங்கேயே அச்சிடுங்கள்.