கடலொலியும் வானலையும்: பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜின் வாழ்க்கையும் பணியும்

திருமுதுகுன்றம் எனப் பழைய நூல்களில் வழங்கும் விருத்தாசலம் மணிமுத்தாற்றின் கரையிலமைந்த விருத்தகிரீசுவரர் ஆலயத்தாற் புகழ் பெற்றது. பிற்காலத்தே அவ்வூர் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. அகல்விளக்கும் பொம்மையும் கோப்பையும் அங்குள்ள சூளைகளில் வெந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன. அவ்வூர்ப் பக்கத்து மாணாக்கர் சிலர், “மண்ணைக் குழைத்துச் சுடும் இத்தொழிலுக்கும் உயர்ந்த விஞ்ஞானத்திற்கும் யாது சம்பந்தம்?” என்று ஐயுறுதல் கூடும். அவ்வையத்தை நீக்கும் பொருட்டும், நம் நாட்டிற் பிறந்து அந்நிய நாட்டிற் குடியேறிய பொறியியற் பேராசிரியர் ஒருவரின் வரலாற்றை நம் மாணாக்கர்க்கு அறிவிக்கும் பொருட்டும் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதலிற் பீங்கானைப் பற்றிச் சிறிது கூறுவோம். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்பதை 1880-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்களாகிய ஜாக் கியூரி, பியேர் கியூரி என்போர் கண்டனர். மின்சாரத்தைச் செலுத்தினால் அப்படிகம் அதிரும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. முதல் உலக யுத்த காலத்தில் லாஞ்செவான் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி இவ்வியல்பைக் கொண்டு கடலுள் ஒலியைச் செலுத்தி, எதிரொலியை வாங்கி, மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் வழியை வகுத்தார். அவர் கையாண்டது குவார்ட்ஸ் படிகம். பிற்காலத்தார் அதற்குப் பதிலாக ஒருவகைப் பீங்கானையே அமைத்துக்கொண்டனர். ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுப் பொடிகளைக் கலந்து, அச்சிலிட்டு அழுத்தி, சூளையிற் கடுந்தீயிற் சுட்டு, பின் வலிய மின்னழுத்தத்திற்கு உட்படுத்தினால் அப்பீங்கான் ஒலியை மின்சாரமாகவும், மின்சாரத்தை ஒலியாகவும் மாற்றும் ஆற்றலைப் பெறுகின்றது. சோனார் என்னும் கருவிக்குச் செவியும் வாயும் இதுவே. ஆயின், செவி கேட்டதை இன்னதென்று அறிதற்குச் சித்தம் வேண்டுமன்றோ? அச்சித்தத்தை அமைக்கும் கணிதத்தில் வல்லவராய் விளங்கியவரே நம் கட்டுரைத் தலைவர்.

ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் கோயம்புத்தூரை அடுத்த பொள்ளாச்சியிற் பிறந்தார். ஏற்காட்டிலுள்ள மான்ட்போர்ட் பள்ளியிற் கல்வி பயின்றார். பதினைந்தாம் வயதிலேயே தேசியப் பாதுகாப்புக் கலாசாலையின் வழியாக இந்தியக் கடற்படையிற் சேர்ந்தார். நம் கல்லூரியில் முதல் வகுப்பிற் சேரும் மாணாக்கரினும் இளையவராய் இருந்த பருவம் அது. பின்னர் லோணாவ்ளாவிலுள்ள கடற்படைப் பொறியியற் கல்லூரியிற் பயின்று மின்பொறியியற் பட்டம் பெற்றார்.

1969-ஆம் ஆண்டிற் கடற்படையார் அவரை மேற்படிப்பிற்காக டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு அனுப்பினர். அங்கே பேராசிரியர் பி. வி. இந்திரேசன் அவரது திறமையைக் கண்டு, ஆராய்ச்சிப் பட்டத்திற்கே அவரை ஆற்றுப்படுத்தினார். மாணவனிடத்தே மறைந்து கிடக்கும் ஆற்றலை அவன்றானும் அறியாமுன் அறிந்து வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் வாய்த்தல் பெரும் பேறாகும். இரைச்சலினூடே கலந்து வரும் குறிப்பினின்று உண்மையைப் பிரித்தறியும் கணிதமே அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி. 1973-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார்.

இதற்கிடையில் 1971-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் யுத்தம் மூண்டது. அம்மாதம் 9-ஆம் நாள் இரவில், தியூவுக்கு அப்பாற் சென்றுகொண்டிருந்த ‘குக்ரி’ என்னும் நம் போர்க்கப்பலை, ‘ஹாங்கோர்’ என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பல் டார்ப்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும் உயிர் துறந்தனர். கப்பற்றலைவர் மகேந்திரநாத் முல்லா தம் கப்பலை விட்டு நீங்காது அதனுடனே கடலுள் ஆழ்ந்தார். பகைவனது கலத்தை உரிய காலத்திற் கண்டறிதற்கு வேண்டிய நுண்ணிய சோனார் நம்மிடம் இல்லாமை எத்துணைப் பெரிய குறை என்பதை அவ்விரவு உணர்த்திற்று.

யுத்தத்தின் பின்னர்ப் பால்ராஜ், கப்பல்களிலிருந்த பழைய பிரிட்டிஷ் சோனாரைத் திருத்தி, அதன் கேள்வித் திறனைப் பெருக்கும் பணியில் ஈடுபட்டார். அடுத்து, முற்றிலும் நம் நாட்டிலேயே புதியதொரு சோனாரை ஆக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கொச்சியிலுள்ள கடற்படை ஆராய்ச்சிச் சாலையில் அவர் தலைமையில் உழைத்த குழுவினர், 1977 முதல் 1983 வரை பாடுபட்டு, ‘அப்சோ’ என்னும் சோனாரை உருவாக்கினர். அந்நிய நாட்டாரிடம் கையேந்தி வாங்கவேண்டியிருந்த ஒரு கருவி நம் கப்பல்களில் நம்மவர் கையாலேயே அமைவதாயிற்று.

அதன்பின் சில ஆண்டுகள் அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலையிற் பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் ஆராய்ச்சி புரிந்தார். கைலாத்தும் புணேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கேரளக் குடும்பத்தினர். பல ஆன்டெனாக்களில் வந்து விழும் அலைகள் எத்திசையினின்று வந்தன என்று கணிக்கும் ‘எஸ்பிரிட்’ என்னும் முறை அக்காலத்தில் அவர்களும் ரிச்சர்டு ராய் என்பாரும் கண்டதாகும். 1986-இல் இந்தியா திரும்பிய பால்ராஜ், பெங்களூரிற் செயற்கை அறிவுக்கும் ரோபோக் கலைக்குமான ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராயினார். வேறு ஆராய்ச்சிச் சாலைகளின் தோற்றத்திற்கும் துணைநின்றார். 1991-இற் கமடோர் என்னும் நிலையிற் கடற்படையினின்று விலகி மீண்டும் ஸ்டான்போர்டு சென்றார்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. நம்மிற் பலர் இனி ஓய்வை எண்ணலாம் என்று கருதும் வயது. நாட்டிற் பெரிய பதவிகளை வகித்த அவர், அங்கே ஆராய்ச்சியாளர் நிலையிலேயே தொடங்கினார். அதுவரை கற்ற சோனாரையும் விட்டு, கம்பியில்லாத் தொடர்பு என்னும் புதிய துறையைப் புதுமாணாக்கனைப்போற் பயின்றார். மறு ஆண்டாகிய 1992-இலேயே அவரது பெயரை உலகறியச் செய்த கருத்து உதித்தது. அதனை இனி விளக்குவோம்.

ஒரே அலைவரிசையில் இருவர் ஒருங்கே பேசினால் இருவர் பேச்சும் கலந்து ஒன்றும் விளங்காது என்பதே அந்நாள்வரை பொது அபிப்பிராயம். அவ்வாறாயின், பேசுவோர் தொகை பெருகப் பெருக அலைவரிசைகளும் பெருகவேண்டும். அவையோ அளவுபட்டவை. பால்ராஜ் கூறியது யாதெனின், அனுப்புமிடத்தும் பெறுமிடத்தும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்களை வைத்தால், ஒரே அலைவரிசையில் ஒரே காலத்திற் பல செய்திகளை அனுப்பலாம் என்பது.

இஃது எங்ஙனம் இயலும்? பள்ளியிற் கற்ற சமன்பாட்டை நினைவு கூர்க. அனுப்பிய செய்திகள் க, ச என இரண்டு என்க. முதல் ஆன்டெனாவில் அவை கலந்து, க + ச = 10 என்று வந்தது. இரண்டாவதிலோ வேறு விகிதத்திற் கலந்து, க + 2ச = 14 என்று வந்தது. முன்னதைப் பின்னதிற் கழித்தால் ச = 4 ஆகும்; ஆகவே க = 6. கலந்தவை இரண்டும் பிரிந்தன. ஆனால் இரண்டாம் ஆன்டெனாவில் 2க + 2ச = 20 என்று வந்திருப்பின், அது முதற் சமன்பாட்டின் இரட்டிப்பேயாதலால், விடை காண இயலாது. எனவே, இரண்டு ஆன்டெனாக்களிலும் கலவை வெவ்வேறாய் இருத்தல் இன்றியமையாதது.

அவ்வேற்றுமையைத் தருவது யாது? இதுகாறும் இடையூறு என்று பொறியியலாளர் வெறுத்த சிதறலேயாம். ஒரு தடையுமில்லாத வெட்டவெளியில், அருகருகேயுள்ள இரண்டு ஆன்டெனாக்களும் ஏறக்குறைய ஒரே கலவையையே பெறும். நகரத்திலோ, சுவரிலும் மாடியிலும் மரத்திலும் வண்டியிலும் மோதித் திரும்பும் அலைகள் பல வழிகளால் வந்து, ஒவ்வோர் ஆன்டெனாவிலும் ஒவ்வொரு விதமாய்க் கலக்கின்றன. கடலடியிலும் நீர்ப்பரப்பிலும் மோதி வரும் ஒலிகளைப் பல ஆண்டு ஆராய்ந்தவர்க்கு இது முற்றும் புதிய காட்சியன்று. கடலிற் கற்ற கல்வி வானத்திற் பயன்பட்டது என்று கூறுதல் மிகையாகாது.

கைலாத்துடன் சேர்ந்து இக்கருத்திற்கு அவர் விண்ணப்பித்த பேட்டன்ட் உரிமை 1994-இல் வழங்கப்பட்டது. எனினும், வல்லுநர் பலர் இது நடைமுறைக்கு ஒவ்வாது என்றே எண்ணினர். பெல் ஆராய்ச்சிச் சாலையின் பொஷினி முதலியோர் அவ்வாண்டுகளிலேயே நிகழ்த்திய ஆராய்ச்சியும் இத்துறையை வலியுறுத்திற்று. பால்ராஜ் 1998-இல் ஒரு கம்பெனியை நிறுவித் தம் கருத்தைச் செயலிற் காட்டினார். அதன் தொழில்நுட்பத்தை 2003-இல் இன்டெல் கம்பெனியார் வாங்கிக்கொண்டனர். பின்னர் அவர் பிறருடன் சேர்ந்து தொடங்கிய ‘பீசீம்’ என்னும் கம்பெனியை 2010-இற் பிராட்காம் கம்பெனியார் வாங்கினர். 2009-இல் வெளிவந்த வைபை விதிமுறையிலும், நான்காம் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசி முறைகளிலும் ‘மைமோ’ எனப்படும் இம்முறை இடம்பெற்றுள்ளது. விருத்தாசலத்துச் சூளைத் தொழிலாளி ஒருவர் வெளியூரிலுள்ள தம் மகளின் முகத்தைக் கைப்பேசியிற் கண்டு பேசுங்கால், பொள்ளாச்சியிற் பிறந்தவரின் கருத்து அங்கே தொழிற்படுகின்றது. அக்கைப்பேசியினுள்ளும் கடுகினுஞ் சிறிய பீங்கான் மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் அமைந்துள்ளன என்பதை அவ்வூர் மாணாக்கர் குறித்துக்கொள்வாராக.

பால்ராஜுக்கு 2010-இல் இந்திய அரசாங்கத்தார் பத்மபூஷண் விருது அளித்தனர். 2011-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பதக்கமும், 2014-இல் மார்க்கோனிப் பரிசும் அவரை அடைந்தன. 2018-இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நிற்க. “நாட்டின் செலவிற் கற்றவர் நாட்டை விட்டு நீங்குதல் தகுமோ?” என்று நம்மிற் சிலர் வினவலாம். இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று. வறிய பெற்றோரின் வரிப்பணத்தாலும் அன்பர் பலரின் கொடையாலும் கற்கும் நாம் ஒவ்வொருவரும் விடை கூறவேண்டிய வினா அது. பால்ராஜ் இளமையையும் நடுவயதையும் நாட்டிற்கே அளித்தார். சோனாரும் அதனை ஆக்கப் பழகிய கைகளும் இங்கேயே நின்றன. கடன் தீர்த்த பின்னரே அவர் சென்றார் எனல் பொருந்தும். ஆயினும், அத்தகையார்க்கு வேண்டிய ஆராய்ச்சி வசதியை நாம் நம் நாட்டிலேயே அமைத்திருப்பின், அவர் கடல் கடந்து செல்ல நேர்ந்திராதோ என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அது போனவரை நோக்கிய வினாவன்று. இருப்பவராகிய நம்மை நோக்கியது.

மாணாக்கர்காள்! நும்மிற் சிலர் வெளிநாடு செல்வீர். பலர் இங்கேயே இருப்பீர். எங்கிருப்பினும், கற்ற ஒன்றைப் புதிய இடத்திற் பொருத்திப் பார்க்கும் துணிவும், நாற்பத்தேழாம் வயதிலும் மாணாக்கராய் அமரும் பணிவும் நும்மிடம் உளவாகுக. சூளையின் அருகே பிறந்தவனுக்கும் அவை எட்டாதவை அல்ல.