எழுத்து நடக்காவிட்டாலும் கணக்கு நடக்கும்

பிரிட்டனில் உடல்நலக் குறைவுக்கோ இயலாமைக்கோ அரச உதவிப் பணம் பெறும் ஒருவர், துணையோடு ஒரே வீட்டில் குடியேறப் போகிறார் என்று தெரிந்ததும் நம்மவர்களிடமிருந்து இரண்டு அறிவுரைகள் வரும். "எல்லாக் காசையும் நிப்பாட்டிப் போடுவாங்கள், வாயைத் திறக்காதை" என்பது ஒன்று. "எழுத்து முடியும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை" என்பது இன்னொன்று; எழுத்து என்றால் திருமணப் பதிவு. இரண்டுமே தவறு, இரண்டாவது ஆபத்தும் கூட.

முதலில் பயத்தைப் போக்குவோம். பி.ஐ.பி. என்பது ஒருவரால் சமைக்க, குளிக்க, நடக்க எவ்வளவு முடிகிறது என்பதை மட்டும் பார்த்துக் கொடுக்கப்படுவது. கோடீஸ்வரரைக் கைப்பிடித்தாலும் அதில் ஒரு பென்னி குறையாது. ஸ்கொட்லாந்தில் அதற்குப் பதிலாக உள்ள உதவிக்கும் இதே விதிதான். வேலை செய்த காலத்தில் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸின் பேரில் வரும் புதிய முறை இ.எஸ்.ஏ.யும் துணையின் சம்பளத்தைக் கேட்பதில்லை. முகவரி மாறியதை அறிவித்தால் போதும்.

அடி விழும் இடம், வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட். அது ஆளைப் பார்ப்பதில்லை, வீட்டைப் பார்க்கிறது. சேர்ந்து வாழத் தொடங்கினால் இருவருக்கும் ஒரே விண்ணப்பம். இருவரின் வருமானமும் சேமிப்பும் ஒன்றாக எண்ணப்படும். 2025-26 நிதியாண்டின் தொகைகளை வைத்து ஒரு கணக்கைப் பாருங்கள். 25 வயதைத் தாண்டிய தனி ஆளுக்கு மாதம் 400.14 பவுண், வேலை செய்ய இயலாதவர் என்று ஏற்கப்பட்டிருந்தால் மேலும் 423.27. மொத்தம் 823.41. இவர், சொந்த வீடும் கையில் 1,900 பவுண் மாதச் சம்பளமும் உள்ள துணையிடம் போகிறார். தம்பதிக்கான அடிப்படை 628.10 தான், இரண்டு தனி ஆட்களின் தொகை அல்ல. இயலாமைத் தொகையைச் சேர்த்தால் 1,051.37. சம்பளத்தில் முதல் 684 பவுணை விட்டுவிட்டு, மிச்சத்தில் பவுணுக்கு 55 பென்ஸ் கழிப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது 382.57, அதுவும் இருவருக்கும் சேர்த்து. துணையின் சம்பளம் 2,600ஐத் தொட்டால் எதுவும் மிஞ்சாது.

இந்தக் கணக்கில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. உங்களுக்கு பி.ஐ.பி.யின் அன்றாட வாழ்வுக்கான பகுதி கிடைத்து, துணை வாரத்துக்கு 35 மணி நேரமாவது உங்களைப் பராமரித்தால், அவர் வேலைக்குப் போனாலும், அதே ஆண்டின் கணக்கில் மாதம் 201.68 பவுண் பராமரிப்புத் தொகையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

சேமிப்பு 6,000 பவுணைத் தாண்டினால் தொகை குறையத் தொடங்கும், 16,000ஐத் தாண்டினால் நின்றுவிடும். தனி ஆளுக்கும் தம்பதிக்கும் வரம்பு ஒன்றே என்பது அநியாயம்தான், ஆனால் சட்டம் அப்படி. துணையின் பெயரில் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ உள்ள காணியும் சொத்தாகவே எண்ணப்படும். கழுத்திலும் கையிலும் போடும் நகை பொதுவாக எண்ணப்படாது. ஊர் வீட்டில் ஓய்வூதிய வயதைக் கடந்த அம்மாவோ அப்பாவோ குடியிருந்தால் அந்த வீட்டை விட்டுவிட விதி உண்டு. பழைய உதவிகளிலிருந்து மாற்றப்பட்டபோது நட்டம் வராமலிருக்கச் சேர்த்துக் கொடுத்த பாதுகாப்புத் தொகை உங்களுக்கு வந்துகொண்டிருந்தால் மிகவும் கவனம்: தம்பதி ஆன உடனே அது நின்றுவிடும், பின்னால் பிரிந்தாலும் திரும்பாது.

சரி, யார் தம்பதி? கோயிலில் தாலி கட்டி, பதிவை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைப்பது நம்மிடம் வழமை. இந்த உதவிகளை வழங்கும் அரச துறையான டி.டபிள்யூ.பி. சான்றிதழைத் தேடுவதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறீர்களா, செலவைப் பகிர்கிறீர்களா, உறவு நிலையானதா, பிள்ளைகள் உண்டா, ஊரார் முன்னால் எப்படிப் பழகுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். ஏதோ ஒன்று பொருந்துவதால் மட்டும் தம்பதி ஆகிவிட முடியாது. கிழமைக்கு மூன்று இரவு தங்கினால் பரவாயில்லை என்று சொல்லப்படுவது வெறும் கதை. சட்டத்தில் அப்படி ஒரு எண்ணிக்கையே இல்லை.

ஊரிலிருந்து துணையை அழைப்பவர்களுக்குச் சிக்கல் இன்னொரு விதம். பி.ஐ.பி. பெறுபவர், துணையை வரவழைக்க மற்றவர்களிடம் கேட்கப்படும் 29,000 பவுண் ஆண்டு வருமானத்தைக் காட்டத் தேவையில்லை. குடும்பம் நடத்தப் போதுமான பணம் உண்டென்று காட்டினால் போதும். ஆனால் வந்து சேரும் துணையின் விசாவில் அரச உதவி பெற முடியாது என்ற நிபந்தனை இருக்கும். ஆகவே யுனிவர்சல் கிரெடிட் தனி ஆள் கணக்கிலேயே தொடரும், துணையின் சம்பளமும் சேமிப்பும் மட்டும் கழிவுக்குள் வரும். அந்தத் துணை, பராமரிப்பவர்களுக்கான கேரர்ஸ் அலவன்ஸ் கேட்கவும் கூடாது. கேட்டால் விசாவுக்கே கேடு.

எனக்கு இந்த விதிகளில் உறுத்துவது பணக் குறைவு மட்டுமல்ல. மாதாமாதம் தன் கணக்கில் வந்த காசில் மருந்தும் டாக்ஸியும் பார்த்துக்கொண்டவர், ஒரே இரவில் இன்னொருவரின் கையை எதிர்பார்ப்பவராக ஆகிறார். கூட்டு விண்ணப்பத்தின் பணமும் பொதுவாக ஒரே வங்கிக் கணக்குக்குத்தான் போகும். துணை காசைத் தராமல் வதைத்தால் பணத்தைப் பிரித்துத் தரும்படி கேட்கலாம். பி.ஐ.பி.யை எக்காரணத்துக்காகவும் துணையின் கணக்குக்கு மாற்றாதீர்கள்.

குடியேறிய அன்றே இணையத்திலுள்ள உங்கள் யுனிவர்சல் கிரெடிட் ஜர்னலில் எழுதி, அதைப் படம் பிடித்து வையுங்கள். கவுன்சில் டாக்ஸில் தனியாள் என்று 25 சதவீதக் கழிவு பெற்றிருந்தால் கவுன்சிலுக்கும் சொல்லுங்கள். மறைத்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அபராதமும் வழக்கும் வரலாம். அதிகாரியின் பிழையால் கூடுதலாக வந்த யுனிவர்சல் கிரெடிட்டையும் திரும்பக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது என்பதால், தொகை சரியா என்று நீங்களே பாருங்கள்.

வீட்டைப் பகிரும் வெறும் தோழரைத் துணை என்று டி.டபிள்யூ.பி. முடிவு செய்துவிட்டால் விடாதீர்கள். தனித்தனி வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், தனிச் சமையல், தனி அறை எல்லாம் ஆதாரமே. முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் படிவம் நிரப்ப இலவசமாக உதவும். தீர்ப்பாயத்துக்கும் கட்டணம் கிடையாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று விண்ணப்பத்திலேயே குறித்துவிட்டால் அவர்களே இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். வீட்டுக் கதையை மொழிபெயர்க்க மச்சானைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை.