உங்களுக்குத் தெரியுமா? பால்மரம் முதல் பங்குச் சந்தை வரை!

கோலகங்சாரில் 1877-இல் நட்டது வெறும் 9 ரப்பர் கன்றுகள்! நட்டவர் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடென்ட் ஹியூ லோ. அதில் ஒரு மரம் இன்னும் அங்கேயே நிற்கிறது!

1910-இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. ரப்பர் கம்பெனிப் பங்கு வாங்க அடிதடி! 1932-இல் அதே ஒரு பவுண்டு 2 பென்னிக்கும் கீழே! 12 ஷில்லிங் என்றால் 144 பென்னி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய விலையில் 70-இல் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை! ஒரே சரக்கை நம்பிப் பணம் போடுவதன் ஆபத்து இதுதான்!

மலேசியாவின் மாபெரும் தோட்டக் கம்பெனிகளில் ஒன்று கோலாலம்பூர் கெப்போங், சுருக்கமாக கேஎல்கே. பெயரில்தான் கோலாலம்பூர். பதிவு அலுவலகம் நம்ம ஈப்போவில்! அதுவும் எந்தச் சாலையில்? தமிழரான அரசியல் தலைவர் எஸ்.பி. சீனிவாசகம் பெயரிலுள்ள சாலையில்! கம்பெனியின் வேர் 1906 வரை போகிறது!

பங்கு என்றாலே பயமா? உங்கள் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு, அதாவது இபிஎஃப்-க்கு, பிடிக்கிறார்கள் அல்லவா? அப்படியென்றால் நீங்கள் ஏற்கெனவே பங்குச் சந்தையில் இருக்கிறீர்கள்! 1951-இல் தொடங்கிய இபிஎஃப்தான் கேஎல்கேயின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று!

இப்போது கேளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த சேதி! 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் போட்டு விற்றார்கள். தொழிலாளர்களுக்கு வேலை போனது, லயத்து வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். அப்போது அவர் அமைச்சர்! தொழிலாளர்களிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்: மாதம் 10 வெள்ளி, 10 மாதம். கட்டி முடித்தால் 100 வெள்ளிப் பங்கு உங்கள் பெயரில்! 1960-இல் பிறந்தது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். மறு வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிவிட்டார்கள்! ரெமிசியர் எனும் பங்குத் தரகர் இல்லை, காதோடு சொல்லும் டிப்ஸ் இல்லை. விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போனவர் தோட்டத்துக்கே பங்குதாரர்! இந்த நாட்டில் தமிழர் செய்த முதலீடுகளில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் சொல்லவே மாட்டேன்!

இன்று பங்கு வாங்க எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று தெரியவில்லையா? தெரியவே வேண்டாம்! நாட்டின் பங்குச் சந்தைக் குறியீடான கேஎல்சிஐ-யைப் பின்பற்றும் இடிஎஃப், அதாவது பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதி, ஒன்று 2007 முதல் புர்சா மலேசியா பங்குச் சந்தையில் இருக்கிறது. ஒன்றை வாங்கினால் நாட்டின் 30 பெரிய கம்பெனிகளும் கையில்! தேய்ந்த கம்பெனி தானாக வெளியே போகும், வளர்ந்தது உள்ளே வரும். வருடத்துக்கு 2 முறை பரிசீலனை!

விலை? குறியீடு 1600-இல் நின்றால் ஒரு யூனிட் ஏறக்குறைய 1.60 வெள்ளி. குறைந்தது 100 யூனிட். தரகுக் கட்டணம் தனி. ஆக, 30 கம்பெனிக்கும் சேர்த்து சுமார் 160 வெள்ளி!

ஆனால் நெஞ்சுரம் வேண்டும்! 1998 செப்டம்பர் 1 அன்று கேஎல்சிஐ 262.70-க்கு விழுந்தது. 2018 ஏப்ரலில் 1895! இரண்டே வருடத்தில், 2020 மார்ச்சில், மீண்டும் 1219! அடுத்த வருடம் மகள் கல்யாணத்துக்கு வேண்டிய பணத்தை இதில் போட்டுவிடாதீர்கள்!

ஏற்ற இறக்கமே ஆகாதா? 2000-இல் வந்த அமானா சஹாம் மலேசியா எனும் யூனிட் டிரஸ்ட் நிதியில் ஒரு யூனிட் என்றைக்கும் 1 வெள்ளிதான்! யூனிட் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு!

மீண்டும் குறியீட்டுக்கு வருவோம். சந்தையை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் யோசனையை 1976-இல் அமெரிக்காவின் சாதாரண மக்களிடம் கொண்டு போனவர் ஜான் போகல். எதிர்பார்த்தது 150 மில்லியன் டாலர். வந்தது 11.3 மில்லியன்! 'போகலின் முட்டாள்தனம்' என்றே சிரித்தார்கள்!

2008-இல் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் கட்டினார் பந்தயம், 10 லட்சம் டாலர்! அவர் பக்கம் அமெரிக்காவின் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட். எதிர்ப்பக்கம் கைதேர்ந்த நிபுணர்கள் பொறுக்கியெடுத்த ஹெட்ஜ் ஃபண்டுகள். 10 வருடம் ஓடியது. முதல் 9 வருடக் கணக்கில் நிபுணர்களுக்கு வருடம் சராசரி 2.2 சதவீதம். இண்டெக்ஸ் ஃபண்டுக்கு 7.1!