மாத்திரைக்குள் கல்கண்டா, பஞ்சுமிட்டாயா?

சமீபத்தில் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். கணவருக்குப் புற்றுநோய், பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. "பசியெடுக்க ஏதாவது சூரணம் கொடுங்க டாக்டர்" என்றவர், பேச்சோடு பேச்சாக, "அந்த இங்கிலீஷ் மாத்திரை பெரிசா இருக்கு, முழுங்க முடியலைங்கிறார். சின்ன உரல்ல இடிச்சு, தேன்ல குழைச்சுக் கொடுத்துடறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

'இடிப்பதும் தேனில் குழைப்பதும் உங்க சித்த வைத்தியம் சொல்லிக் கொடுத்ததுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பற்பம் என்றால் விரல் ரேகைக்குள் படிய வேண்டும், தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும் என்றும் எங்கள் குணபாட வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். மருந்தின் பெயர் மட்டும் சரியாக இருந்தால் போதாது; அதன் பக்குவமும் மருந்துதான். இங்கிலீஷ் மாத்திரைக்கும் இது பொருந்தும்.

ஒரே சர்க்கரை, இரண்டு குணம்

கல்கண்டும் சர்க்கரைதான், பஞ்சுமிட்டாயும் சர்க்கரைதான். கல்கண்டில் சர்க்கரையின் மூலக்கூறுகள், செங்கல் அடுக்கியதுபோல வரிசையாக நிற்கின்றன. இதுதான் படிக நிலை. பஞ்சுமிட்டாயில் சர்க்கரையை உருக்கி, சுழற்றி, சட்டென்று ஆறவிடுகிறார்கள். வரிசையில் நிற்க நேரமில்லாமல் மூலக்கூறுகள் கலைந்து கிடக்கின்றன. இது படிகமற்ற நிலை.

கல்கண்டு வாயில் மெதுவாகக் கரையும். பஞ்சுமிட்டாய் நாக்கில் பட்டதும் காணாமல் போகும். பஞ்சுமிட்டாய் நூலாக மெலிந்திருப்பதும் ஒரு காரணம், வரிசை கலைந்திருப்பதும் ஒரு காரணம். ஆனால் மழைக்காலத்தில் இரண்டையும் திறந்து வைத்துப் பாருங்கள். கல்கண்டு அப்படியே இருக்கும். பஞ்சுமிட்டாய் பிசுபிசுத்துச் சுருங்கிவிடும்.

மருந்தும் இப்படித்தான். படிகம் நிலையாக இருக்கும், ஆனால் சில மருந்துகளில் அது லேசில் கரையாது. படிகமற்றது சீக்கிரம் கரையும், ஆனால் ஈரமும் சூடும் பட்டால் மறுபடி படிகமாகப் பார்க்கும்.

உயிர் காத்த பக்குவம்

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு வெமுராஃபெனிப் என்றொரு மாத்திரை இருக்கிறது. முதன்முதலில் நோயாளிகளிடம் சோதித்தபோது, எவ்வளவு கொடுத்தும் ரத்தத்தில் போதிய அளவு சேரவில்லை. மருந்து சரியாகக் கரையவில்லை! சோதனையை நிறுத்திவிட்டு, அதே மருந்தைப் படிகமற்ற நிலையில் செய்தார்கள். மறுபடி வரிசை சேராமலிருக்க, ஒரு பாலிமரையும் கூடவே கலந்து காவல் வைத்தார்கள்.

2010-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? அந்த மருந்துக்கேற்ற மரபணு மாற்றம் உள்ள 32 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், 26 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது அல்லது மறைந்தது. 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூலக்கூறு மாறவில்லை, பக்குவம்தான் மாறியது!

சென்னைக்கு வந்த வழக்கு

இன்னொரு கதை நம் ஊருக்கே வந்தது. இமாட்டினிப் என்பது ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. அதன் உப்பு ஒன்றில் 'பீட்டா' என்ற படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு, நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. இந்த வடிவம் ஈரத்தை அதிகம் இழுக்காது, மாத்திரை செய்ய வசதியானது. 2006-ல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. "செய்யவும் வைத்துக்கொள்ளவும் வசதி என்றால் போதாது, நோயைத் தீர்ப்பதில் மேம்பட்டது என்று காட்ட வேண்டும்" என்ற அடிப்படையில், 2013 ஏப்ரல் 1-ல் கோர்ட்டும் மறுத்துவிட்டது. அப்போது அந்தக் கம்பெனி மருந்தின் விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மருந்தோ சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்தான். எத்தனை குடும்பங்கள் மூச்சுவிட்டிருக்கும்!

ஆக, வடிவம் மாறினால் சில சமயம் உயிரே பிழைக்கிறது. சில சமயம் கம்பெனிக்குத்தான் வசதி. எது எந்த ரகம் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் நாம் கை வைக்கக்கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியது

* புற்றுநோய் மாத்திரையை நீங்களாக உடைக்க, பொடிக்க, மெல்லக் கூடாது. வெமுராஃபெனிப்பை முழுசாகத்தான் விழுங்க வேண்டும். இமாட்டினிப் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வழியுண்டு; அதையும் டாக்டர் சொல்லும் முறைப்படிதான் செய்ய வேண்டும்.

* பொடிக்கும்போது பறக்கும் தூசு, பொடிப்பவருக்கும் கெடுதல். கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது.

* மாத்திரை வந்த பாட்டில், அட்டையிலேயே இருக்கட்டும். அடுப்பு மேடை, பாத்ரூம் அலமாரி வேண்டாம்.

* நாங்கள் தரும் சூரணம், லேகியம் எதுவானாலும், புற்றுநோய் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஒளிக்காதீர்கள்; எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை.

அந்த அம்மாவுக்கு நான் சூரணம் கொடுக்கவில்லை. "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய், மாத்திரையை விழுங்க முடியலைன்னு சொல்லுங்க" என்று அனுப்பி வைத்தேன். இரண்டு நாளில் வந்தார். "நல்லவேளை சொன்னீங்க டாக்டர், பொடிக்கவே கூடாதாம்" என்றார். உரல் இப்போது இஞ்சி இடிக்க மட்டும்தானாம்!