பத்தாண்டு காலியாக இருந்த நாற்காலி

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பல முறை வேட்புமனு போட ஆளில்லை. போட்டு வென்றவர்களும் உடனே விலகினார்கள். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. அதே மாவட்டத்து மேலவளவில் தலைவராகிவிட்ட தலித்தான முருகேசனை 1997 ஜூனில் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள்.

தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் கையெழுத்துப் போடும் பதவிக்கா இத்தனை வன்மம்? ஆம். எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, யாருக்குத் தொகுப்பு வீடு என்ற முடிவு அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. நாட்டின் வளர்ச்சி ஏழையின் வாசலுக்கு வருமா என்பதும் அங்கேதான் தெரியும்.

1991 ஜூலை 24 அன்று பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்று ஒன்றிய அரசு அறிவித்தது. 1993 ஏப்ரல் 24 அன்று, ஊராட்சிகளுக்கான 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சந்தைச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியை டெல்லியே உத்தரவு போட்டு முடித்துவிட்டது. ஊராட்சி விஷயம் அப்படி அல்ல. தலித்துகள், பழங்குடிகள், பெண்களுக்கான இடஒதுக்கீட்டைத் திருத்தம் கட்டாயமாக்கியது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. ஆனால் வேளாண்மை, பள்ளி, சுகாதாரம் உட்பட 29 துறைகளின் அதிகாரத்தை மாநிலங்கள் ‘வழங்கலாம்’ என்று மட்டுமே சொன்னது. இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நின்றுபோனது என்பேன். நாற்காலி கட்டாயம், அதற்கு முன் வைக்க வேண்டிய பணப்பெட்டி மாநிலத்தின் விருப்பம்.

கேரளம் விரும்பியது. 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க முன்வந்தது. கிணறு வேண்டுமா, அங்கன்வாடி வேண்டுமா என்று ஊரே உட்கார்ந்து பேசியது. 1998இல் வந்த குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் இந்த உள்ளாட்சிகளோடு சேர்ந்தே வளர்ந்தன. அங்கும் பழங்குடிகளும் மீனவர்களும் பின்தங்கியே இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது.

மற்ற இடங்களில் வரும் பணம் பெரும்பாலும் செலவுத் தலைப்போடு வருகிறது. 2021 முதலான ஐந்தாண்டுக்கு 15ஆவது நிதி ஆணையம் பரிந்துரைத்த ஊரக மானியத்தில் 60 விழுக்காடு, குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் மட்டுமே.

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் 2016இல் நடக்க வேண்டிய ஊரகத் தேர்தல், 2019 டிசம்பர் வரை தள்ளிப்போனது. அன்று தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், அந்த ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் போயின. தனி அலுவலர் காலத்தில், கிராம சபையில் கேள்வி கேட்க எழுகிறவருக்கு, அவர் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர் எதிரே இருக்க மாட்டார்.