இரண்டாவது டிஸ்க்கை ஒட்டுக் கட்டுதல்

புகைப்படங்களும் பள்ளி விழா வீடியோக்களும் பல வருஷத்துக் காகிதங்களின் ஸ்கேன்களுமாகச் சேர்ந்து கம்ப்யூட்டர் நிரம்பி வழிகிறபோது, எதை அழிக்கலாம் என்று உட்கார்ந்து தேடுவதைக் காட்டிலும் இன்னொரு ஹார்டு டிஸ்க்கை வாங்கிப் பொருத்திவிடுவதே உத்தமம் என்ற முடிவுக்கு நம்மில் பலர் வந்து சேருகிறோம். விண்டோஸில் பழகியவர்கள், அந்தப் புது டிஸ்க் 'டி' என்றோ 'ஈ' என்றோ ஓர் எழுத்தைச் சூட்டிக்கொண்டு தனிக் குடித்தனம் நடத்தும் என்று எதிர்பார்ப்பார்கள். லினக்ஸில் தனிக் குடித்தனம் கிடையாது. 'ரூட்' என்ற ஒரே மூலத்திலிருந்து கிளைத்த விருட்சம் அது. அதன் கிளை ஒன்றில், அதாவது காலியான ஒரு ஃபோல்டரில், புது டிஸ்க்கை ஒட்டுக் கட்ட வேண்டும். இதற்கு 'மவுண்ட்' செய்வது என்று பெயர்.

பூர்வாங்க காரியங்கள் அதிகமில்லை. டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' என்று தட்டினால் மாட்டியிருக்கும் டிஸ்க்குகள் யாவும் வரிசையாகத் தெரியும். பெரும்பாலும் பழையது 'எஸ்டிஏ', புதியது 'எஸ்டிபி'. அளவைப் பார்த்து எது எதென்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும். பழைய 'எம்பிஆர்' அட்டவணை சுமார் 2 டெராபைட்டோடு நின்றுவிடுமாதலால் 'ஜிபிடி'யைத் தேர்ந்து பார்ட்டிஷன் செய்து, 2008-ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் கெர்னலில் நிலைபெற்றுவிட்ட 'இஎக்ஸ்டி4' முறையில் ஃபார்மட் செய்துவிட்டால் போதும். 4 டெராபைட் என்று வாங்கியது 3.6 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்கி எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024-ஆல் பெருக்கி எண்ணுகிறது. அதற்குப் பிறகும் 5 சதவீதத்தை, அதாவது சுமார் 200 ஜிகாபைட்டை, ரூட் பயனரின் அவசரத்துக்கென்று இஎக்ஸ்டி4 மௌனமாக ஒதுக்கி வைத்துவிடுகிறது. சிஸ்டம் இயங்கும் டிஸ்க்கில் அந்த முன்னெச்சரிக்கை நியாயமே. வெறும் பண்டகசாலையாக இருக்கப்போகும் டிஸ்க்கில் வீண். 'டியூன்2எஃப்எஸ்' என்ற கட்டளையால் அதைப் பூஜ்யமாக்கிவிடலாம்.

டிஸ்க்கை 'டேட்டா' என்ற ஃபோல்டரில் கையால் மவுண்ட் செய்து, வீட்டார் போன்களிலுள்ள படங்கள் இரவுதோறும் அங்கே நகலாகும்படி ஏற்பாடும் செய்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் மின்சாரம் போய் வந்தது. கையால் கட்டிய ஒட்டு ரீஸ்டார்ட்டில் அவிழ்ந்துபோகும் என்பதை மறந்தேன். ஃபோல்டர் மட்டும் காலியாக அங்கேயே இருந்ததால், நகலெடுக்கும் புரோகிராம் எள்ளளவும் சந்தேகப்படாமல் அத்தனை படங்களையும் பழைய டிஸ்க்கிலேயே கொட்டத் தொடங்கியது. மூன்றாம் நாள் அது நிரம்பி, லாகின் திரைக்கு அப்பால் போக மறுத்தது. ஒருவாறு உள்ளே நுழைந்து புது டிஸ்க்கை மறுபடி மவுண்ட் செய்தேன். கொட்டிய படங்களைக் காணோம், இடமும் விடுபடவில்லை! மவுண்ட் ஆன டிஸ்க், ஃபோல்டரில் முன்பிருந்தவற்றைப் பாய் விரித்தாற்போல மூடிவிடுகிறது என்பதும், அன்மவுண்ட் செய்தால் அவை பழையபடி வெளிப்படும் என்பதும் அரை நாள் கழித்தே விளங்கின.

இதற்கு நிரந்தர ஏற்பாடு, 'எஃப்எஸ்டேப்' என்ற சிறு ஃபைலில் எழுதும் ஒற்றை வரி. எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், என்ன ஃபைல் சிஸ்டம் என்று அதில் ஆறு கட்டங்கள். முதற்கட்டத்தில் 'எஸ்டிபி1' என்று எழுதுவது பேதைமை. பஸ்ஸில் கிடைத்த இடம்போல அந்தப் பெயர் ரீஸ்டார்ட்டுக்கு ரீஸ்டார்ட் மாறக்கூடியது. 'பிஎல்கேஐடி' காட்டும் 'யுயுஐடி' என்ற நீண்ட அடையாளமோ, மறுபடி ஃபார்மட் செய்கிறவரை மச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும். நான்காம் கட்டத்தில் 'நோஃபெயில்' என்று சேர்த்துவிட்டால், டிஸ்க் பழுதான காலையில் கம்ப்யூட்டர் எமர்ஜென்சி திரையோடு பாதி வழியில் நின்றுவிடாது. 'மவுண்ட் -ஏ' கொடுத்துப் பிழையில்லையென்று கண்ட பிறகே ரீஸ்டார்ட் செய்வது விவேகம். புது டிஸ்க் ரூட்டின் உடைமையாகவே பிறக்குமாதலால், 'சிஹெச்ஓன்' கட்டளையால் அதை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

ஆனால் 'நோஃபெயில்' அந்தப் பழைய விபரீதத்துக்கு மறுபடி கதவைத் திறந்துவிடுகிறதே? ஆகையால் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, காலி ஃபோல்டர்மீது 'சாட்டர் +ஐ' என்ற கட்டளையை ஏவி, அதில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டினேன். மேலே டிஸ்க் வந்து அமர்வதை அந்தப் பூட்டு தடுப்பதில்லை. இப்போது டிஸ்க் இல்லாத இரவுகளில் நகலெடுக்கும் புரோகிராம் ஒரு படத்தையும் கொட்டாமல் பிழைச்செய்தியோடு திரும்பிவிடுகிறது.